1729 பகா எண்தானா?

(காப்பாரில் நிகழ்த்திய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



2011 நவம்பர் 3ஆம் தேதி, ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தயாரிக்கும் மொசில்லா ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மலேசியாவின் டிஜிசெர்ட் செண்டிரியான் பெர்ஹாட் வழங்கிய சான்றிதழ்களை இனி நம்பப்போவதில்லை என்றது. அதே மாதத்தில் மைக்ரோசாஃப்டும் அதையே சொன்னது. அமெரிக்காவில் டிஜிசெர்ட் என்று வேறொரு நிறுவனம் இருக்கிறது. 'அது நாங்கள் இல்லை, அது நாங்கள் இல்லை' என்று அவர்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிய வேண்டியதாயிற்று.

நம் டிஜிசெர்ட், அஞ்சல் நிறுவனமான போஸ் மலேசியாவும் ஆய்வு நிறுவனமான மிமோஸும் சேர்ந்து தொடங்கிய நிறுவனம். இந்த விஷயத்தில் நம் நாடு பின்தங்கிய நாடே இல்லை. டிஜிட்டல் கையொப்பச் சட்டத்தை 1997இலேயே இயற்றி, 1998 அக்டோபரில் நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டோம். பெரிய நாடுகள் பலவற்றில் அப்போது அதைப் பற்றிப் பேச்சுத்தான் நடந்துகொண்டிருந்தது. ஆக, சட்டம் இருந்தது, உரிமம் இருந்தது, நிறுவனம் இருந்தது. பிறகு என்ன கெட்டது?

ஓர் இணையதளத்துக்குச் சான்றிதழ் என்றால், 'இந்தப் பெயருக்கு உரிய பொதுச் சாவி இதுதான்' என்று ஒரு நிறுவனம் கையெழுத்திட்டுக் கொடுக்கும் தாள். அந்தச் சாவி ஒரு பெரிய எண். ஆர்எஸ்ஏ முறையில், இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்கினால் வருவது அது. பெருக்கியவருக்கு மட்டுமே அந்த இரண்டு எண்களும் தெரியும். மற்றவர்களால் பிரித்தெடுக்க முடியாது. மொத்தப் பாதுகாப்பும் இந்த 'முடியாது' என்ற சொல்லில்தான் நிற்கிறது. எண் சிறியதாக இருந்தால் அந்தச் சொல் பொய்யாகிவிடும். டிஜிசெர்ட் கொடுத்தவற்றில் 22 சான்றிதழ்களில் இருந்த சாவி வெறும் 512 பிட். அதாவது 155 இலக்க எண். அப்படிப்பட்ட ஓர் எண்ணை 1999 ஆகஸ்ட் மாதமே ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தலைமையில் ஒரு குழு பிரித்துக் காட்டிவிட்டது. ஆண்டுகள் பல கழிந்தும் அதே அளவுச் சாவியோடு விண்ணப்பம் வந்திருக்கிறது. வாங்கி, முத்திரை குத்தி, அனுப்பியிருக்கிறார்கள். (பின்னாளில் கதை இன்னும் மோசம். 2015இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அமேசானில் கணினிகளை வாடகைக்கு எடுத்து, 75 டாலர் செலவில், ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் இதைச் செய்தார்கள்.)

இன்னொரு குறையும் அந்தச் சான்றிதழ்களில் இருந்தது. 'இது இணையதளத்துக்கு மட்டும்' என்று பயன்பாட்டைக் குறிக்கும் பகுதி அவற்றில் இல்லை. குறிப்பிடவில்லை என்றால், எதற்கும் பயன்படுத்தலாம் என்றே கணினி எடுத்துக்கொள்ளும். நவம்பர் 14ஆம் தேதி ஃபின்லாந்தின் எஃப்-செக்யூர் ஒரு நச்சு நிரலைப் பற்றி எழுதியது. அந்த நிரலில் முறைப்படி டிஜிட்டல் கையொப்பம் இருந்தது. யாருடைய கையொப்பம்? நம் மார்டியின் கையொப்பம்! நெல்லும் அன்னாசியும் ஆராய்கிற அரசு வேளாண் ஆய்வு நிலையம். அதன் இணையதளத்துக்குக் கொடுத்த சான்றிதழ், நச்சு நிரலுக்கு நற்சான்றாகப் போய் நின்றது. சாவி திருடப்பட்டது என்று மலேசியத் தரப்பு விளக்கம் சொன்னது. நெதர்லாந்தின் ஃபாக்ஸ்-ஐடி நிறுவனத்தார் வேறு மாதிரி யோசித்தார்கள்: 512 பிட் சாவியை எதற்குத் திருட வேண்டும்? உட்கார்ந்து கணக்குப் போட்டாலே கிடைத்துவிடுமே!

பழி முழுவதும் டிஜிசெர்ட் மீது விழுந்தது. தளத்துக்கும் தரவுக்கும் காவல் இருக்க வேண்டிய நிறுவனம், விழத்தான் வேண்டும். ஆனால் அந்தப் பழியில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அன்றைக்கு உலகத்தில் இருந்த விண்டோஸ் கணினிகள், 512 பிட் சாவியைப் பார்த்து முகம் சுளித்தனவா? இல்லை. சரி என்று ஏற்றுக்கொண்டன. 1024 பிட்டுக்குக் குறைந்த ஆர்எஸ்ஏ சாவியை ஏற்காதே என்ற கட்டளை விண்டோஸ் அப்டேட் வழியாக எல்லாருக்கும் வந்தது 2012 அக்டோபரில். கேட்டிருக்க வேண்டிய கேள்வியைக் கொடுத்தவனும் கேட்கவில்லை, வாங்கியவனும் கேட்கவில்லை. இன்று நான் பேச வந்தது வாங்குகிறவனைப் பற்றி. அதாவது, குறியாக்கக் கணக்குகளைச் செய்யும் நிரல் லைப்ரரிகள், வெளியிலிருந்து வரும் உள்ளீட்டை எப்படிச் சோதிக்க வேண்டும் என்பது பற்றி.

இந்த மண்டபத்தில் கித்தாக் காட்டில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பீர்கள். வாளியைக் கொண்டுவந்து வைத்தால் கிராணி எடையை மட்டும் பார்த்துக் குறித்துக்கொள்ள மாட்டார். பாலில் ஒரு கருவியை மிதக்க விடுவார். மெட்ரோலாக் என்று பெயர். தண்ணீர் கலந்திருந்தால் எடை காட்டிக்கொடுக்காது; மெட்ரோலாக் காட்டிக்கொடுக்கும். அந்தக் கிராணியின் தராசு யோக்கியமா என்பது வேறு வழக்கு, அதைத் தோட்டத்து மக்கள்தான் சொல்ல வேண்டும். நான் எடுத்துக்கொள்வது ஒன்றை மட்டும்: சோதனை, வாங்குகிற இடத்தில், காசு குறிக்கும் முன்னால் நடந்தது.

மற்ற நிரல்களுக்கும் குறியாக்க நிரலுக்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. சம்பளக் கணக்கு நிரலில் வயது என்ற இடத்தில் 900 என்று தட்டினால், எங்கேயாவது ஒரு தாளில் அசட்டுத்தனமாக ஓர் எண் வந்து நிற்கும், யாராவது சிரிப்பார்கள், திருத்துவோம். குறியாக்க நிரலுக்குத் தப்பான எண்ணைக் கொடுத்தால் அதுவும் ஏதோ ஒரு விடையைக் கொடுக்கும். சரியான விடையும் பார்ப்பதற்குக் குப்பை மாதிரித்தான் இருக்கும். தவறான விடையும் அதே குப்பை மாதிரித்தான் இருக்கும். கண்ணால் பார்த்துப் பிரிக்க வழியே இல்லை. அதோடு, தப்பான எண்ணைத் தருகிறவர் கைதவறித் தருகிறவர் அல்லர். உங்கள் நிரலைப் பல மாதம் படித்து, எந்த எண்ணைக் கொடுத்தால் எது உடையும் என்று தெரிந்து தருகிறவர்.

எல்லாருக்கும் தெரிந்த கதையை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். 2014 ஏப்ரலில் வெளிவந்த ஹார்ட்பிளீட். ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியில் ஒரு சிறு வசதி: 'நான் இத்தனை பைட் அனுப்புகிறேன், அதையே திருப்பி அனுப்பு, நீ உயிரோடு இருக்கிறாயா என்று பார்க்கிறேன்.' ஒரே ஒரு பைட்டை அனுப்பிவிட்டு 65,535 பைட் அனுப்பியதாகச் சொன்னால்? சர்வர் எண்ணிப் பார்க்கவில்லை. அந்த ஒரு பைட்டோடு, நினைவகத்தில் அதற்குப் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. கடவுச்சொல், சாவி, எது கிடந்ததோ அது. நீளம் பொருந்தாவிட்டால் செய்தியைச் சத்தமில்லாமல் வீசிவிடு என்று அந்த வசதியின் விதிமுறை ஆவணத்திலேயே எழுதியிருந்தது. விதி இருந்தது, நிரலில் அந்த வரி இல்லை. கனடாவின் வரித்துறையிலிருந்து ஏறக்குறைய 900 பேரின் அடையாள எண்கள் போயின. கூகுளின் நீல் மேத்தாவும் ஃபின்லாந்தின் கோடினோமிகான் நிறுவனத்தாரும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்தார்கள்.

இது நீளத்தைச் சோதிக்காத பிழை. நீளம், வகை, எல்லை, இவற்றைச் சோதிக்க நல்ல நிரலர் எவருக்கும் தெரியும். எனக்கு இதைவிட ருசியான பிழைகள், கணிதப் பொருளையே சோதிக்காத பிழைகள். அங்கே நம்மவர் ஒருவர் வருகிறார்.

லண்டனில் மருத்துவமனைப் படுக்கையில் இருந்த இராமானுஜனைப் பார்க்க ஹார்டி வந்த டாக்சியின் எண் 1729 என்பதும், இரண்டு கனங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று இராமானுஜன் சொன்னதும் இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். அதே எண்ணுக்கு இன்னொரு குணம் உண்டு. அது பகா எண்ணாக வேடம் போடும்.

பகா எண்ணா என்று பார்க்க, பெர்மாவின் பழைய தேற்றம் ஒன்று உதவும். ஓர் எண் பகா எண்ணாக இருந்தால், அதிலிருந்து ஒன்றைக் கழித்து, வேறோர் எண்ணை, அதன் மடங்காக இல்லாத எண்ணாகப் பார்த்து, அத்தனை அடுக்குக்கு உயர்த்தி, பிறகு முதல் எண்ணால் வகுத்தால், மீதி ஒன்று வரும். 2ஐ 1728 அடுக்குக்கு உயர்த்தி 1729ஆல் வகுத்துப் பாருங்கள். மீதி ஒன்று. 3ஐ உயர்த்துங்கள். ஒன்று. 5, 11, 17, எல்லாவற்றுக்கும் ஒன்று. ஆனால் 1729 பகா எண்ணா? 7ஐ 13ஆல் பெருக்கி, வந்ததை 19ஆல் பெருக்குங்கள். 1729. ஏன் ஏமாற்றுகிறது என்றால், 1728ஐ 6ஆலும் வகுக்கலாம், 12ஆலும் வகுக்கலாம், 18ஆலும் வகுக்கலாம். மூன்று காரணிகளிலும் ஒவ்வொன்றைக் கழித்தால் வரும் எண்கள் அவை. இப்படிப்பட்ட எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர். வரிசையில் 561, 1105, அடுத்தது நம் 1729.

நிரலர்கள் இந்தச் சோதனையை விட்டுவிட்டு, இதைவிடக் கடுமையான மில்லர்-ராபின் சோதனைக்கு வந்துவிட்டார்கள். அதில் கார்மைக்கேல் எண்கள் எளிதாக மாட்டிக்கொள்ளும். தற்செயலாகப் பொறுக்கிய எண்ணை அது தவறாகத் தேர்ச்சிபெறச் செய்வது மிக மிக அரிது. ஆனால் 'தற்செயலாகப் பொறுக்கிய' என்ற நிபந்தனையைக் கவனியுங்கள். எந்த எண்களை அடியாக வைத்துச் சோதிப்பாய் என்பது முன்கூட்டியே தெரிந்தால், அதற்கென்றே ஒரு போலியைத் தயாரிக்கலாம். 1995இல் பிரெஞ்சுக்காரர் ஃபிரான்சுவா ஆர்னோ 397 இலக்கப் போலி ஒன்றைத் தயாரித்துக் காட்டினார். 307க்குக் குறைந்த பகா எண் எதை வைத்துச் சோதித்தாலும் அது பகா எண் மாதிரியே பதில் சொல்லும். 2018இல் ஆல்பிரெக்ட், மாசிமோ, பேட்டர்சன், சொமோரோவ்ஸ்கி என்ற நால்வர், புழக்கத்தில் இருந்த லைப்ரரிகளை எடுத்து இந்தக் கண்ணோட்டத்தில் சோதித்தார்கள். தன் பெட்டியிலிருந்து தானே எடுத்த எண்ணுக்குப் போதுமான சோதனையை, எதிரி கையில் கொடுத்த எண்ணுக்கும் போதும் என்று விட்டிருந்த லைப்ரரிகள் பல. ஆப்பிளின் லைப்ரரியும் அதில் இருந்தது, திருத்தினார்கள்.

சந்தேகமே இல்லாமல் பகா எண்ணா என்று சொல்லும், அதேசமயம் கொள்கையளவில் வேகமான வழி இருக்கிறதா என்றால், இருக்கிறது. 2002இல் கான்பூர் ஐஐடியில் மணீந்திர அகர்வாலும், நீரஜ் கயால், நிதின் சக்சேனா என்ற இரு மாணவர்களும் கண்டுபிடித்தார்கள். கணித உலகம் எழுந்து நின்று கைதட்டியது. ஆனால் நடைமுறையில் அது மெதுவானது என்பதால் லைப்ரரிகள் பழைய முறையையே, அடிகளை எதிரிக்குத் தெரியாமல் தற்செயலாகப் பொறுக்கி, பல சுற்று நடத்திச் சமாளிக்கின்றன. அதுவே போதும், ஒழுங்காகச் செய்தால்.

பகா எண்தானா என்று கேட்காமலே விட்டால் என்ன ஆகும்? 2022 மார்ச்சில் ஓப்பன்எஸ்எஸ்எல் மறுபடி மாட்டிக்கொண்டது. வகு எண் பகா எண்ணாக இருந்தால் வர்க்கமூலம் கண்டுபிடிக்கும் ஒரு கணக்கு. டொனெல்லி-ஷாங்ஸ் முறை. பகா எண் கொடுத்தால் நிச்சயமாக முடியும். சில பகு எண்களைக் கொடுத்தால் சுற்றிக்கொண்டே இருக்கும், முடியவே முடியாது. கூகுளின் டாவிஸ் ஒர்மாண்டி இதைக் கண்டார். வேடிக்கை என்னவென்றால், அந்த எண் சான்றிதழுக்குள்ளேயே வரலாம்; சான்றிதழின் கையொப்பம் உண்மையா என்று பார்ப்பதற்கு முன்னாலேயே இந்தக் கணக்கு ஓடிவிடும். போலிச் சான்றிதழை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். சர்வர் அதைப் போலி என்று சொல்லும் இடத்துக்கே போய்ச் சேராது.

இப்போது நீள்வட்ட வளைவரைகள். உங்கள் கைப்பேசியிலிருந்து வங்கிக்குப் போகும் இணைப்பில் பெரும்பாலும் இன்று இந்தக் கணிதம்தான். ஒய் வர்க்கம் சமம், எக்ஸ் கனம் கூட்டல் ஏ பெருக்கல் எக்ஸ் கூட்டல் பி. இந்தச் சமன்பாட்டில் பொருந்தும் புள்ளிகளை ஒன்றோடொன்று 'கூட்ட' ஒரு முறை இருக்கிறது. அந்தக் கூட்டல் சூத்திரத்தை எழுதிப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணில் படும்: அதில் பி வரவே வராது. ஏ வரும், எக்ஸ், ஒய் வரும். பி இல்லை.

இதனால் என்ன? எதிரி உங்கள் வளைவரையில் இல்லாத ஒரு புள்ளியை அனுப்புகிறான். அது வேறொரு பி கொண்ட வேறொரு வளைவரையில் இருக்கும் புள்ளி. உங்கள் நிரல் முணுமுணுக்காமல் கூட்டும், பெருக்கும், இரகசியச் சாவியைப் பயன்படுத்தும். அந்த வேற்று வளைவரையை அவன் பார்த்துப் பொறுக்கியிருப்பான். அங்கே அந்தப் புள்ளியை ஐந்து முறை கூட்டினால் தொடங்கிய இடத்துக்கே வந்துவிடும். ஆக, உங்கள் விடை ஐந்தில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். எது என்று கண்டால், உங்கள் சாவியை ஐந்தால் வகுத்தால் என்ன மீதி என்பது தெரிந்துபோகும். அடுத்து ஏழு, அடுத்து பதினொன்று என்று போய், மீதிகளை எல்லாம் கோத்தால் முழுச் சாவி. மீதிகளிலிருந்து எண்ணைத் தேடும் அந்தக் கணக்கு பழையது. ஆரியபட்டரின் குட்டகமும் இந்தக் குடும்பம்தான்.

இப்படித் தாக்கலாம் என்று 2000ஆம் ஆண்டிலேயே பீல், மெயர், முல்லர் என்பவர்கள் எழுதிவிட்டார்கள். தடுக்க வேண்டிய வேலை ஒரே ஒரு வரி: வந்த எக்ஸையும் ஒய்யையும் சமன்பாட்டில் போட்டுப் பார். பொருந்தாவிட்டால் வெளியே அனுப்பு. பதினைந்து ஆண்டு கழித்து, 2015இல், ஜெர்மனியின் ஜேகர், ஷ்வெங்க், சொமோரோவ்ஸ்கி எட்டு லைப்ரரிகளைச் சோதித்தார்கள். ஜாவாவோடு ஆரக்கிள் தருகிற லைப்ரரியிலும் பௌன்சி காசிலிலும் அந்த ஒரு வரி இல்லை. ஆயிரக்கணக்கான கேள்விகளில் சர்வரின் சாவியைப் பிடுங்கிக் காட்டினார்கள்.

2018இல் இஸ்ரேலின் டெக்னியன் நிறுவனத்தைச் சேர்ந்த பிஹாமும் நோய்மனும் புளூடூத்தில் இதையே கண்டார்கள். அங்கே இரு கருவிகள் இணையும்போது புள்ளியின் எக்ஸ் மட்டும் உறுதிசெய்யப்படுகிறது. ஒய்யை நடுவில் நிற்பவன் மாற்றிவிடலாம். புள்ளி வளைவரையில் இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை விதிமுறை ஆவணம் கட்டாயமாக்கியிருக்கவில்லை. செய்தால் நல்லது என்ற அளவில் விட்டிருந்தது. 'செய்தால் நல்லது' என்று எழுதிய எந்த வேலையை எந்த நிறுவனம் செய்திருக்கிறது? பிறகு அதைக் கட்டாயமாக்கினார்கள்.

மாணவர்களுக்குப் பிடிக்கும் ஒன்று, பூஜ்யக் கையொப்பம். நீள்வட்ட வளைவரைக் கையொப்பம் என்பது இரண்டு எண்கள். இரண்டும் ஒன்றுக்குக் குறையக் கூடாது என்பது முதல் சோதனை. பாடப்புத்தகத்தில் முதல் வரி. ஜாவாவில் இந்தப் பகுதி முன்பு சி++ மொழியில் இருந்தது, சோதனையும் இருந்தது. 2020 செப்டம்பரில் வந்த ஜாவா 15இல் அதை ஜாவாவிலேயே திருப்பி எழுதினார்கள். அந்தச் சோதனை விடுபட்டது. இரண்டு எண்களும் பூஜ்யமாக ஒரு கையொப்பம் அனுப்பினால், பூஜ்யத்துக்குத் தலைகீழ் எண் கேட்கப்படும். அப்படி ஒன்று கிடையாது. ஆனால் நிரல் அதை அடுக்குக் கணக்காகப் போடுவதால், பூஜ்யத்தை எத்தனை அடுக்கு உயர்த்தினாலும் பூஜ்யம் என்று விடை வந்துவிடும். கடைசியில் இந்தப் பக்கமும் பூஜ்யம், அந்தப் பக்கமும் பூஜ்யம். சமம். கையொப்பம் செல்லும்! எந்தச் செய்திக்கும், யார் பெயரிலும். நீல் மேடன் என்ற நிரலர் கண்டுபிடித்துச் சொல்ல, 2022 ஏப்ரலில் திருத்தினார்கள். ஒன்றரை ஆண்டுக்கு மேல் உலகத்தின் கண்ணெதிரே கிடந்த ஓட்டை. வருமான வரி இணையப் படிவத்தில் 'தண்டாத்தாங்கான் டான் ஹந்தார்' (கையொப்பமிட்டு அனுப்பு) என்ற பொத்தானை அமுக்கும்போது எனக்கு இந்தப் பூஜ்யம் நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. நம் வருமான வரி வாரியம் எந்த நிரலை வைத்திருக்கிறது என்பதைப் பற்றி நான் பேசவில்லை. கையொப்பம் என்று நாம் நம்பிக் கொடுப்பது எதை என்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

பழைய நிரலைப் புது மொழியில் எழுதுகிறவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. கணக்கு வரிகளை மாற்றி எழுதுவோம், ஏனென்றால் அவை இல்லாவிட்டால் நிரல் ஓடாது. சோதனை வரிகள் இல்லாவிட்டாலும் நிரல் நன்றாகவே ஓடும். அதனால்தான் அவை முதலில் காணாமல் போகின்றன.

சரி, சோதித்துப் பார்த்துத் தவறு என்று தெரிந்துவிட்டது. அதை எப்படிச் சொல்வது? இங்கேயும் ஒரு குழி இருக்கிறது. 1998இல் பெல் ஆய்வகத்தில் இருந்த டேனியல் பிளைக்கன்பாக்கர் காட்டியது இது. ஆர்எஸ்ஏ முறையில் மறைத்த செய்தியைப் பிரித்தவுடன், 'உள்ளே இருக்கும் அமைப்பு சரியில்லை' என்று சர்வர் நேர்மையாகப் பதில் சொன்னால், அந்த ஆம்-இல்லை பதில்களை மட்டும் வைத்து, பத்து லட்சம் முறை வாக்கில் கேட்டு, செய்தியையே படித்துவிடலாம். ஆகவே தவறு எங்கே என்று எதிராளிக்குச் சொல்லக் கூடாது. ஒரு பிழைக்குச் சீக்கிரமும் இன்னொன்றுக்குத் தாமதமாகவும் பதில் சொல்லவும் கூடாது. பயனருக்கு உதவியாகத் தெளிவான பிழைச்செய்தி எழுது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுப்பார்கள். இந்த ஒரு துறையில் அந்த நல்ல பழக்கம் ஆபத்து. 19 ஆண்டு கழித்து, 2017இல், பெரிய இணையதளங்கள் சிலவற்றிலேயே அதே ஓட்டை மறுபடி கிடைத்தது என்றால், பழக்கம் எவ்வளவு ஆழம் என்று பாருங்கள்.

யார் சோதிக்க வேண்டும் என்று என்னிடம் அடிக்கடி கேட்பார்கள். லைப்ரரியை எழுதுகிறவரா, அதைப் பயன்படுத்திச் செயலி எழுதுகிறவரா? 'எங்களைக் கூப்பிடுமுன் நீங்களே சோதித்துக்கொள்ள வேண்டும்' என்று ஆவணத்தின் ஒரு மூலையில் எழுதிவைக்கும் லைப்ரரிகள் இன்றும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிள்ளானில் ஒரு கடைக்குச் செயலி எழுதிக்கொடுக்கும் பையனுக்கு வளைவரையின் பி எங்கே மறைந்தது என்று எப்படித் தெரியும்? தெரிந்தவர் லைப்ரரிக்காரர். வேகம் குறையும் என்பார்கள். புள்ளி வளைவரையில் இருக்கிறதா என்று பார்க்கச் சில பெருக்கல்கள். அதற்குப்பின் நடக்கும் கணக்கில் ஆயிரக்கணக்கில் பெருக்கல்கள். அந்த வாதத்தில் எடையே இல்லை.

இதைக் கற்றுக்கொள்ள விரும்பும் மாணவர்கள் கோலாலம்பூருக்குக்கூடப் போக வேண்டியதில்லை. வைச்சுப்ரூஃப் என்று ஒரு திட்டம். 2016 டிசம்பரில் கூகுள் வெளியிட்டது, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். எழுதியவர்களில் ஒருவர் மேலே சொன்ன அதே பிளைக்கன்பாக்கர். ஆஸ்திரேலியாவில் சமவெளிக்கு மேல் 43 மீட்டரே உயர்ந்து நிற்கும், உலகின் மிகச் சிறிய மலை என்று சொல்லப்படும் மலையின் பெயர்தான் வைச்சுப்ரூஃப். சின்ன மலையாக இருந்தால் ஏறி முடிக்கலாம் என்று வைத்தார்களாம். உள்ளே இருப்பவை கெட்ட உள்ளீடுகள்: வளைவரையில் இல்லாத புள்ளிகள், பூஜ்யக் கையொப்பங்கள், நீளம் பொய் சொல்லும் செய்திகள். வெளியானபோதே நாற்பதுக்கு மேற்பட்ட பிழைகளைப் பிடித்துக் காட்டியிருந்தது. உங்களுக்குப் பிடித்த லைப்ரரியை எடுத்து, அந்தக் கோப்புகளை அதற்கு ஊட்டிப் பாருங்கள். ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் 'செல்லும்', 'செல்லாது' என்று விடை குறித்திருக்கும். சிலவற்றுக்கு மட்டும் மூன்றாவதாக 'ஏற்றுக்கொள்ளலாம்' என்று போட்டிருப்பார்கள். விதிமுறைப்படி சற்றுக் கோணல், ஆனாலும் பழைய நிரல்களுக்காக விட்டுவைத்தவை. முதலில் அந்த மூன்றாவது வகையைத் திறந்து, ஒவ்வொன்றையும் ஏன் விட்டுவைத்தார்கள் என்று தேடுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம், பின்வரிசையில் இருப்பவர்களும்தான்.